அவுட்டிரைவ் கழற்ற எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

ஜூன் பிறந்தால் மும்பையில் சின்னப் படகுகள் கரையேறிவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கம் மாண்ட்வா போகும் சாதாரண ஃபெர்ரிகளும் மழைக்கு நின்றுவிடும், தனியார் ஸ்பீடுபோட்டுகளையும் கிரேன் வைத்துத் தூக்கி யார்டில் கட்டைமேல் உட்கார வைத்துவிடுவார்கள். அவுட்டிரைவைக் கழற்றிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதனால் மே மாதக் கடைசியில் என் போனுக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, டிரைவ் கழற்ற எந்த ஸ்டாண்டு வாங்கறது?” போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம்.

என் பதில் முதலிலேயே: கழற்றி மாட்டுகிற வேலை வேறு, கழற்றியபின் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேறு. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கழற்றுகிற ஸ்டாண்டில் போடுங்கள். வேலை பார்க்கிற ஸ்டாண்டை நாலு ஆங்கிளும் ஒரு தகடும் வைத்து எந்த வெல்டரும் செய்து தந்துவிடுவார்.

புதிதாகப் படகு வாங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜின் படகுக்குள்ளே, அதன் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தண்ணீரில். அந்தக் கால்தான் அவுட்டிரைவ். 1959ல் வோல்வோ பென்டா அக்வாமாட்டிக் என்று கொண்டுவந்தது, 1961ல் மெர்க்குரூசர் வந்தது. இன்றுவரை அடிப்படை அமைப்பு மாறவில்லை. மெர்க்குரூசர் ஆல்ஃபா ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும், பிராவோ த்ரீ மாதிரி இரட்டை புரொப்பெல்லர் டிரைவ் நூறு கிலோவைத் தொடும். ஐம்பது கிலோதானே, அரிசி மூட்டை தூக்குகிறோமே என்று நினைப்பார்கள். மூட்டைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டு கிடையாது. டிரைவுக்கு இருக்கிறது. யூ-ஜாயின்ட் ஷாஃப்டு (மூட்டு வைத்த சுழல்தண்டு) பெல்லோஸ் என்கிற மடிப்பு ரப்பர் குழாய்க்குள் புகுந்து, அதைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் தாண்டி, இன்ஜின் பக்கம் இருக்கும் கப்ளரின் ஸ்ப்லைனில், அதாவது பல்வரிசையில், போய் உட்கார்ந்திருக்கும். கழற்றும்போது மொத்த டிரைவும் நேர்கோட்டில் பின்னால் வரவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முழு எடையும் அந்த ஷாஃப்டு வழியாக பேரிங்மேல் தொங்கும்.

இதை ஒரு யார்டில் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பையன்கள், நல்ல பலசாலிகள், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பாதி வந்தது, ஒருவன் காலடியில் கல் புரண்டது, டிரைவ் ஒரு பக்கம் சரிந்தது. கை நசுங்காமல் தப்பியது பெரிய விஷயம். ஆனால் பெல்லோஸ் கிழிந்தது, கிம்பல் பேரிங் போயிற்று, ஷாஃப்டு முனையில் இருந்த ஓ-ரிங் வெட்டுப்பட்டு உள்ளே கிடந்தது. படகின் சொந்தக்காரர் கடைசியில் செலவழித்த பணத்தில் நல்ல ஸ்டாண்டே செய்திருக்கலாம். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு அந்த வேலைக்கு அனுப்பியவரைத்தான் சொல்லவேண்டும்.

சரி, என்னென்ன கிடைக்கிறது?

வெளிநாட்டு ரெடிமேட் ஸ்டாண்டுகளைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல சாமான்தான், குறை இல்லை. ஆனால் அதெல்லாம் மழமழவென்று சிமென்ட் போட்ட கராஜுக்கு, டிரெய்லர்மேல் நிற்கும் படகுக்குச் செய்தது. இங்கே நம் படகு நிற்பது மரக்கட்டைமேல், சில இடங்களில் பழைய டயர்மேல், கீழே ஜல்லியும் சேறும். இரும்புக்கு கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டி வரவழைத்தபின் அதன் குட்டிச் சக்கரம் முதல் ஜல்லியிலேயே சிக்கிக்கொண்டால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது இன்ஜின் தூக்கும் குட்டி கிரேன். பெல்ட் போட்டுத் தொங்கவிடலாம். கழற்றும்போது ஓரளவு சமாளிக்கும், மாட்டும்போது படுத்தி எடுக்கும், ஏனென்றால் தொங்குகிற பொருள் ஆடும், ஸ்ப்லைனுக்கு நேராக நிறுத்தவே முடியாது. மூன்றாவது பைக் சர்வீஸ் செய்யும் சிசர் லிஃப்ட். நிறையப் பேர் இதன்மேல் ஒரு மரத் தொட்டில் கட்டி ஓட்டுகிறார்கள், டிரெய்லர்மேல் உயரமாக நிற்கும் படகுக்கு இது தாராளமாகப் போதும். நான்காவது கார் கியர்பாக்ஸ் இறக்கும் ஜாக்கி. அதில் ஒற்றைத் தூணாக நெட்டுக்குத்தாக எழும்பும் வகையைத் தொடவே தொடாதீர்கள், நூறு கிலோவை அதன் உச்சியில் வைத்து நகர்த்தினால் கவிழும்.

இவற்றில் எதை எடுத்தாலும் மும்பை யார்டில் முதலில் இடிப்பது ஒரே இடத்தில்தான்: தரைக்கும் டிரைவுக்கும் நடுவே இடமே இருக்காது. கட்டைமேல் படகைத் தாழ்வாக உட்கார வைப்பார்கள், காற்றுக்கும் மழைக்கும் அதுதான் பத்திரம். ஆனால் டிரைவை நேராக இறக்கினால் ஸ்கெக், அதாவது அடியில் சுறாச் செதில் மாதிரி இருக்கும் அந்தத் துண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். சில படகில் அதுவும் இருக்காது, பள்ளம் தோண்டித்தான் இறக்கவேண்டியிருக்கும். அப்புறம் அதற்குக் கீழே எந்த லிஃப்ட்டை நுழைப்பது?

அதனால் கடைக்குப் போவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். டிரைவ் முழுக்கக் கீழே இறங்கிய நிலையில், தரையிலிருந்து ஸ்கெக் அடி வரை. தரையிலிருந்து கேவிடேஷன் பிளேட் வரை, அதாவது புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் அந்தத் தட்டு. தரையிலிருந்து பெல் ஹவுசிங்கோடு, அதாவது பின்பலகைப் பக்கம் டிரைவைப் பிடித்திருக்கும் வார்ப்போடு, டிரைவ் சேரும் முகத்தின் நடு வரை. கூடவே படகுக்குப் பின்னால் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்றும் பாருங்கள், டிரைவ் ஷாஃப்டின் நீளத்துக்கு நேராகப் பின்னால் வந்து, அப்புறம்தான் திரும்ப முடியும். பின்னாலேயே அடுத்த படகை நெருக்கி வைத்திருந்தால் கழற்றவே முடியாது, யார்டுக்காரரிடம் படகை ஏற்றும்போதே சொல்லிவைக்கவேண்டிய விஷயம் இது.

என் பிடித்தமான அமைப்புக்கு வருகிறேன். ஸ்கெக்கின் கீழே எதுவும் போகாது. இரண்டு இரும்புக் கைகள், பின்னாலிருந்து டிரைவின் இரண்டு பக்கமும் நுழைந்து, கேவிடேஷன் பிளேட்டின் அடியில் போய்த் தாங்கும், குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது மாதிரி. ஸ்கெக் இரண்டு கைக்கும் நடுவே சும்மா தொங்கும். தரையில் ஒரு சாண் இடம் இருந்தாலும் வேலை நடக்கும். ஸ்கெக்மேல் பாரம் விழாது என்பது இதில் எனக்கு ரொம்ப முக்கியம், மண்ணில் மோதி ஏற்கெனவே கீறல் விட்டிருக்கும் ஸ்கெக்கில் நூறு கிலோவை நிறுத்திவைத்தால் உடைகிற வாய்ப்பு அதிகம், அது உடைந்தால் அலுமினிய வெல்டிங்குக்கு ஆள் தேடவேண்டும்.

ஆனால் கேவிடேஷன் பிளேட்டும் வார்ப்பு அலுமினியம்தான். ஓரத்தில் தாங்கினால் விரிசல் விடும். கைகள் இரண்டும் காலின் தண்டோடு ஒட்டி, பிளேட் தடிமனாகத் தொடங்கும் இடத்தில் வரவேண்டும். மேலே தேக்குத் துண்டோ நைலான் பட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் பின்பக்க அடியில் டிரிம் டேப் என்கிற சின்னத் துடுப்பு இருக்கும், அதில் கை முட்டாதபடி அளவு பாருங்கள். பாரம் கைமேல் இருந்தாலும் டிரைவ் தலை கனத்து ஒருபக்கம் சாயப் பார்க்கும், அதனால் மேல்பாகத்தை அணைத்து ஒரு ராட்செட் பெல்ட், ஸ்டாண்டின் தூணோடு சேர்த்து. இந்த பெல்ட் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது.

உயரத்தை ஏற்றி இறக்க ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியா, ஸ்க்ரூ ஜாக்கியா என்று வெல்டர் கேட்பார். ஸ்க்ரூ என்று சொல்லுங்கள். ஹைட்ராலிக்கில் ஏற்றுவது சுகம், இறக்கும்போது வால்வைத் திறந்தால் சட்டென்று இறங்கும், நமக்கு வேண்டியது கடைசியில் ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். கார் டிக்கியில் வருகிற சாதாரண ஸ்க்ரூ ஜாக்கி போதும், குர்லா பக்கம் பழைய கார் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தூணுக்கு 60க்கு 60, 4 எம்எம் பாக்ஸ் பைப், அதற்குள் ஓடுகிற பைப் 50க்கு 50. உள்ளே 2 எம்எம் விளையாட்டு இருக்கும், சரியான அளவுதான். ஆனால் பாக்ஸ் பைப்பின் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு வெல்டிங் மேடு ஓடும், வெளியிலிருந்து தெரியாது, விரலை விட்டுத் தடவினால் தெரியும். அதை அரம் போட்டு எடுக்காமல் சேர்த்தால் உள்பைப் பாதியில் பிடித்துக்கொண்டு, ஜாக்கி சுற்றச் சுற்ற நின்று, திடீரென்று ஒரு குதி குதிக்கும். ஸ்ப்லைன் சேர்கிற நேரத்தில் அந்தக் குதிப்பு வந்தால் பேரிங்குக்கு ஆபத்து. மறக்காமல் வெல்டரிடம் சொல்லுங்கள். தூணில் வரிசையாகத் துளை போட்டு லாக் பின் ஒன்றும் வைத்துவிட்டால், உயரம் சரியானதும் பாரம் அந்த லாக் பின்மேல் உட்காரும், ஜாக்கியை நம்பி நிற்கவேண்டியதில்லை.

சாய்வுக்கும் ஒரு ஸ்க்ரூ வேண்டும். கட்டைமேல் நிற்கும் படகு மட்டமாக நிற்காது, மழைத்தண்ணீர் வடியட்டும் என்று மூக்கைத் தூக்கித்தான் வைப்பார்கள். அப்போது இன்ஜின் ஷாஃப்டின் கோடும் அதே அளவு சாயும். கைகள் இரண்டும் சேர்ந்து முன்னும் பின்னும் கொஞ்சம் தலையாட்டுகிற மாதிரி ஒரு கீல், அதன் கீழே ஒரு நீள போல்ட். இது இருக்கிற ஸ்டாண்டில் மாட்டியவர் இல்லாத ஸ்டாண்டைத் திரும்பத் தொடமாட்டார்.

சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு அங்குலம் குறைந்தபட்சம், ஆறு அங்குலம் உத்தமம், பாலியூரித்தேன் சுற்றியது. முன்னால் இரண்டு நேர்ச் சக்கரம், பின்னால் இரண்டு திரும்புகிற பிரேக் சக்கரம். நாலும் திரும்புகிறது என்றால் நேர்கோட்டில் இழுக்கவே வராது, நமக்கு வேண்டியதே நேர்கோடுதான். காற்றடிக்கிற சக்கரம் சேற்றில் நன்றாக ஓடும், ஆனால் பாரம் ஏறும்போது அமுங்கி ஆடும், உயரம் மாறிக்கொண்டே இருக்கும், வேண்டாம். அதைவிட தரையில் 18 எம்எம் பிளைவுட் இரண்டு பலகை போட்டு அதன்மேல் ஓட்டுங்கள், மேசை மாதிரித் தரை கிடைத்துவிடும். கால்களின் அகலம் டிரைவைவிட இரண்டு பக்கமும் தாராளமாகத் தள்ளியிருக்கட்டும், ஆனால் முன்னால் படகின் அடியில் நுழைகிற இடத்தில் எந்தக் கட்டையிலும் இடிக்கக் கூடாது.

இனி வேலை பார்க்கிற ஸ்டாண்டு. இங்கே பிடி மாறுகிறது. டிரைவ் பெல் ஹவுசிங்கில் எந்தத் துளைகளால் சேர்ந்திருந்ததோ அதே துளைகளால் ஸ்டாண்டின் தகட்டில் சேரவேண்டும். மெர்க்குரூசரில் ஆறு. பழைய பெல் ஹவுசிங் கேஸ்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டின்மேல் வைத்து சென்டர் பஞ்ச் அடித்துவிட்டால் அளவு எடுக்கிற தொல்லையே இல்லை. நடுவில் ஷாஃப்டும் யூ-ஜாயின்ட்டும் தாராளமாகப் போய், கையால் சுற்றிப் பார்க்கவும் இடம் இருக்கிற மாதிரி பெரிய துளை. தகடு 8 எம்எம்முக்குக் குறைய வேண்டாம். எடை முழுக்கத் தகட்டுக்கு ஒரே பக்கம் தொங்கும், அதனால் கீழ்க் கால்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையைத் தாண்டி நீளவேண்டும். இதில் சக்கரம் வேண்டாம் என்பேன், நட்டை இறுக்கும்போது நகரும். வோல்வோவின் பழைய மாடல்களில் சேர்கிற முறையே வேறு, துளை அமைப்பும் வேறு, அதனால் “யூனிவர்சல்” என்று எழுதியிருப்பதை நம்பாமல் உங்கள் டிரைவின் முகத்தை வைத்துப் பாருங்கள்.

ஆல்ஃபா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஆல்ஃபாவில் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் டிரைவுக்குள்ளேயே, கீழ்ப்பாகத்தின் தலையில் இருக்கிறது. பிராவோவில் அது இன்ஜின்மேல் இருக்கும் பம்ப்பில், டிரைவைப் பிரிக்கவேண்டியதில்லை. மும்பைத் துறைமுகத் தண்ணீர் சேற்றுத் தண்ணீர், மணலும் வண்டலும் இம்பெல்லர் இறக்கையைத் தேய்த்துவிடும், வருஷா வருஷம் மாற்றுவது நல்லது என்பது என் கட்சி. மாற்ற மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் பிரிக்கவேண்டும். தகட்டில் தொங்குகிற டிரைவில் கீழ்ப்பாகத்தை இறக்க ஒரு ஆள் கீழே பிடித்துக்கொள்ளவேண்டும். தனியாக வேலை செய்கிறவருக்கு, கீழ்ப்பாகத்தைக் கேவிடேஷன் பிளேட்டில் நிறுத்திவிட்டு மேல்பாகத்தைத் தூக்கி எடுப்பது எளிது, இம்பெல்லர் ஹவுசிங் கண்ணெதிரே வந்து உட்காரும். இங்கேதான் கழற்றுகிற ஸ்டாண்டின் இரண்டு கைகள் இன்னொரு முறை உதவும். தட்டில் கை வைக்கும் அமைப்பை நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன் எண்ணெயை வடித்துவிடுங்கள். ஆல்ஃபாவில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய வரும். டிரே வைத்து நிதானமாக வடியுங்கள், பால் கலந்த மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, எங்கேயோ சீல் போயிருக்கிறது. அப்படி வந்தால் டிரைவை ஸ்டாண்டில் நிறுத்தி அழுத்தச் சோதனை செய்து, சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கலாம், அழுத்தம் எவ்வளவு என்பதை உங்கள் டிரைவின் மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப எண்ணெய் நிரப்புவது கீழ்த் துளையிலிருந்து மேலே. அதனால் ஸ்டாண்டில் டிரைவ் நிற்கும்போது கீழ்த் துளைக்கு பம்ப் ஹோஸ் போய்ச்சேர இடம் இருக்கவேண்டும். ஸ்டாண்டு செய்கிறவர்கள் பலர் சரியாக அந்த இடத்தில்தான் ஒரு குறுக்குக் கம்பியை வைப்பார்கள்.

துரு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடற்காற்றில் சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு ஒரு மழைக்குத் தாங்காது. கால்வனைஸ் செய்தால் நல்லது, இல்லையென்றால் எபாக்சி பிரைமர் போட்டு அடியுங்கள், பைப்பின் திறந்த வாயையெல்லாம் அடைத்துவிடுங்கள், உள்ளேயிருந்துதான் அரிக்கத் தொடங்கும். இரும்பு நேராக அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் மாதக்கணக்கில் நிற்கக் கூடாது, அரிக்கப்படுவது அலுமினியம்தான், அதாவது உங்கள் டிரைவ். தகட்டுக்கும் டிரைவுக்கும் நடுவே ரப்பர் ஷீட் வையுங்கள். கழற்றிய கையோடு துத்தநாக அனோடுகளையும், அதாவது டிரைவுக்குப் பதிலாகத் தாம் அரிபடும் துண்டுகளையும், பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். யாராவது மக்னீசியம் அனோடு மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், அது நன்னீருக்கு மட்டும்.

எங்கே செய்வது? ரே ரோடு தாருகானா பக்கம் கப்பல் உடைத்த இரும்பு கிடைக்கும், தடித்த தகடு அங்கே மலிவு. காஸ்டர் சக்கரம், போல்ட், ராட்செட் பெல்ட் எல்லாம் நாக்தேவி தெருவில். அங்கே சக்கரம் வாங்கும்போது “எவ்வளவு கிலோ தாங்கும் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னதில் பாதியைக் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடாது, இரண்டு சக்கரம்தான் பாரம் சுமக்கும். வெல்டிங்குக்கு தாராவியில் நம் ஆட்களே இருக்கிறார்கள். எனக்குச் செய்துதந்த தம்பி படகையே பார்த்ததில்லை, டிரைவின் படத்தைக் காட்டி எந்த இடத்தில் பாரம் வரும் என்று சொன்னதும், “அப்போ பின்கால நீட்டணும்ல, அண்ணே?” என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வி கேட்கிற வெல்டரைப் பிடித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

கடைசியாக மாட்டுவது. கழற்றும்போது ஆல்ஃபா ஃபார்வர்டு கியரிலும் பிராவோ நியூட்ரலிலும் இருக்கவேண்டும், மாட்டும்போதும் அப்படியே. மாட்டுவதற்கு முன் கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் அதை மாற்றாமல் டிரைவை ஏற்றாதீர்கள். இன்ஜின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பி இருந்தால் விட்டுப் பாருங்கள், இரண்டு விரலால் தள்ளினாலே கப்ளருக்குள் போகவேண்டும். ஓ-ரிங் புதிது, ஸ்ப்லைனில் கிரீஸ், பெல் ஹவுசிங் கேஸ்கெட் புதிது. ஸ்டாண்டை பிளைவுட்மேல் மெதுவாக உள்ளே தள்ளி, பெல் ஹவுசிங்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகள் டிரைவின் துளைக்கு நேராக வந்ததும் பிரேக் போடாமல் நிறுத்துங்கள். ஸ்ப்லைன் சேரவில்லை என்றால் ஆல்ஃபாவில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் தானாக வழுக்கி உள்ளே போகும். போகவில்லை என்றால் உயரமோ சாய்வோ தவறு. நட்டைப் போட்டு இறுக்கி இழுக்கப் பார்க்காதீர்கள், ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். முகத்தோடு முகம் கையால் தள்ளியே சேர்ந்தபின், ஆறு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மெர்க்குரூசரில் 50 அடி-பவுண்டு, அதாவது 68 நியூட்டன் மீட்டர் டார்க் வையுங்கள். டிரைவை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் டிரிம் ராம்களின் பின்களையும் மாட்டியபிறகுதான் பெல்ட்டை அவிழ்த்து, கைகளைக் கீழே இறக்கி, ஸ்டாண்டை வெளியே இழுக்கவேண்டும்.